வரைபடத்தில் இல்லாத நிறம்

பென்னலூர்ப் பக்கத்து ஆயா ஒருத்தி மாசாமாசம் முதியோர் பணம் எடுக்க என் கவுண்டருக்கு வரும். போன மாதம் அதற்கு முன்னால் நின்றவர் கம்பெனிக்குக் கழனி விற்ற பணத்தை டெபாசிட் போட்டுவிட்டுப் போனார். ஆயா அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றது. "அந்தக் கழனில நாப்பது வருசம் நாத்து நட்டவ நானு. எனுக்கு இன்னா நைனா வந்துகீது?" என்றது. கிளார்க் நாற்காலியில் இதற்குப் பதில் கிடையாது. வரைபடத்தில்தான் தேட வேண்டும்.

குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் தரும் அதிகாரத்தில் இப்படி நிறம் பூசுகிறார்கள். பச்சையை ஊதாவாக்கப் பட்டாதாரர் மனுப் போடலாம். நில உபயோக மாற்றம் என்று அதற்குப் பெயர். நிறம் மாறிய அன்றே விலையும் மாறிவிடும். ஆட்சேபிக்க யாருக்கும் உரிமை உண்டு, பேப்பரில் விளம்பரம் வரும். அந்தப் பேப்பர் போண்டா மடித்துச் சேரிக்கு வந்து சேரும்போது கெடு முடிந்திருக்கும்!

இந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பது ஒன்றுதான் இந்தச் சட்டத்தின் கேள்வி. இது யாருடையது, எப்படி அவனுடையதாச்சு என்று அது கேட்பதே இல்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று கோடு கிழித்தவன் எந்தத் திட்டக் குழுமத்திடம் அனுமதி வாங்கினான்? 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் படியுங்கள். குடிசை போட்ட மண்கூடப் பறையருக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் விரட்டலாம் என்ற நிலையை அந்த வெள்ளைக்காரர் எழுதி வைத்தார். அதன் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில ஆணை. தலித் அல்லாதவருக்கு அந்த நிலம் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. கைமாறியது. மீட்கப் போன போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள்.

அந்த நிபந்தனை வருவாய்த் துறையின் ஏ-பதிவேட்டில் தூங்குகிறது. நில உபயோக வரைபடத்தில் பஞ்சமி நிலத்துக்கென்று ஒரு நிறம் கிடையாது. அங்கே அதுவும் வெறும் பச்சை, நாளைக்கு வெறும் ஊதா.

அமெரிக்காவில் கறுப்பர் குடியிருக்க இன்ன தெரு என்று லூயிவில் நகரம் சட்டமே போட்டது. 1917இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குப் பிறகு மனை இத்தனை அடிக்குக் குறையக் கூடாது, வீட்டுக்கு ஒரு குடும்பம்தான் என்கிற விதிகள் அதே வேலையைச் செய்தன. இனம் என்ற சொல்லே அவற்றில் இல்லை. நம் விதிகளிலும்தான் சாதி என்ற சொல் இல்லை.

விதி எல்லாருக்கும் ஒன்றாம். அனுமதியில்லாமல் கழனியைக் கூறுபோட்டு விற்ற மனைகளுக்கு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முந்தியது என்றால் கட்டணம் கட்டினால் போதும், மீறல் ஒழுங்காகிவிடும். புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிற நம் ஜனத்துக்கு மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று பேர். ரியல் எஸ்டேட்காரன் செய்தால் விதிமீறல், நாம் செய்தால் குற்றம்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக நீண்டு ஸ்ரீபெரும்புதூரையும் விழுங்கியது. விழுங்கிய இடத்துக்கெல்லாம் இனி நிறம் பூசுவார்கள். முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டால் ஆட்சேபணைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும், சட்டமே சொல்கிறது. மாணவத் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே தாலுகா ஆபீசில் தகவல் உரிமை மனுப் போட்டு, ஊர்வாரியாக ஏ-பதிவேட்டு நகலை வாங்குங்கள். பஞ்சமி சர்வே எண்களைத் தனியே எழுதுங்கள். கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். வரைவு வரும் நாளில் அந்தப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.