யாருக்குக் கொடுக்க இந்தக் கணக்கு?

2024 அக்டோபர் 11. இரவு எட்டரை மணி வாக்கில், கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில்மீது மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி விரைவு ரயில் மோதியது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. விடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளுக்குத் தங்கக் கல்யாண மண்டபம், சாப்பாடு, தண்ணீர், சென்னைக்குப் பேருந்து, அங்கிருந்து ஊர்போகச் சிறப்பு ரயில் என்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டன. பாராட்ட வேண்டிய வேலைதான். மறுக்கவில்லை.

அந்த ரயில் பிடித்து ஊருக்குப் போகிறவர்களைப் போன்றவர்கள்தான் கவரைப்பேட்டையையும் கும்மிடிப்பூண்டியையும் சுற்றியுள்ள இரும்பு உருக்காலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கட்டுமான இடங்களிலும் உழைக்கிறார்கள். மற்ற இரவுகளில் இவர்கள் எங்கே தூங்குகிறார்கள்? கேட்டுப் பாருங்கள். எந்த அலுவலகத்திலும் வரும் பதில் ஒன்றுதான்: “தரவு இல்லை.”

இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. 2020 ஊரடங்கில் கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டையும் பிள்ளையுமாக ஆட்கள் நடந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் எழுத்துபூர்வமாகப் பதில் சொன்னது: ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்களின் விவரம் எங்களிடம் இல்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை. எண்ணாமல் விடுவது எவ்வளவு லாபகரமான வேலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

உண்மையில் தரவு இருக்கிறது. துண்டு துண்டாக, ஆளுக்கொரு அலமாரியில் கிடக்கிறது. சூளையிலிருக்கும் கர்ப்பிணிக்குப் பிக்மி எண் வாங்கித் தரும் கிராமச் செவிலியருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கும் ஆசிரியருக்கு அதே குடும்பத்தின் மூத்த பிள்ளையைத் தெரியும். அங்கன்வாடிப் பணியாளருக்கு இளையதைத் தெரியும். ரயில் நிலையத்தில் படுத்திருப்பவர்களை ரயில்வே போலீசுக்குத் தெரியும். கொத்தடிமைப் புகார் வந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு கோப்பு பிறக்கும். தொண்டு நிறுவனங்களிடம் இதைவிட விரிவான பட்டியல்கள் உண்டு. ஆனால் அவை நிதி கொடுப்பவருக்கு அனுப்பும் அறிக்கைக்குள் பத்திரமாக இருக்கும், பக்கத்துத் தெருவில் வேலைசெய்யும் இன்னொரு நிறுவனத்துக்குக்கூடப் போகாது. சீசன் முடிந்து குடும்பம் கிளம்பியதும் செவிலியர் “முகவரியில் இல்லை” என்று எழுதுவார். ஆசிரியர் “இடைநின்றவர்” என்று எழுதுவார். ஒரே குடும்பம் இரண்டு பதிவேட்டிலும் இரண்டு விதமாகக் காணாமல் போகும்.

இதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் யாரை எண்ணுவது என்ற வரையறையைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணியது பிப்ரவரி 28 என்ற ஒரே ஓர் இரவில். இந்தியா முழுவதும் 17.73 லட்சம் பேர், தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் என்று கணக்கு வந்தது. வீடற்றவர் என்றால் நடைபாதை, மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் திறந்தவெளியில் கிடப்பவர். பிப்ரவரி 28 அன்று சூளையில் என்ன நிலைமை? வேலை மும்முரமான காலம். கல்லை அடுக்கி, மேலே தகரமோ ஓலையோ போட்டு, குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு கூடு. கூரை இருக்கிறதல்லவா? அப்படியானால் அது வீடு. வாங்கிய முன்பணம் கழியும்வரை விட்டுப் போக முடியாத, முதலாளி சொன்னால் அன்றைக்கே காலிசெய்ய வேண்டிய அந்தக் கூட்டில் இருப்பவர் அரசுக் கணக்கில் வீடுள்ளவர். அதே 2011இல் திருவள்ளூர் மாவட்டச் சூளையிலிருந்து 500க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். வரையறைப்படி அவர்களும் வீடுள்ளவர்களே!

சூளைக் கூட்டில் இருப்பது யார்? இருளர், ஆதிதிராவிடர், ஒடிசாவின் தலித்துகள், பழங்குடிகள். ‘வடக்கன்’ என்று மீம் போடும் தம்பிகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நீங்கள் கேலிசெய்யும் அந்த ஆளும், ஏரிக்கரைப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் கிடக்கும் இருளரும் ஒரே காரணத்தால்தான் அங்கே கிடக்கிறார்கள்.

அந்தக் காரணத்தை 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெள்ளைக்கார கலெக்டர் எழுதிவைத்தார். பொன்னேரி வட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். விளைநிலம் இருக்கட்டும், குடிசை நிற்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் துரத்தலாம் என்ற உண்மை அரசுக் காகிதத்தில் ஏறியது. 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. எடுத்த கணக்கு நிலமாக மாறிய அபூர்வமான தருணம் அது. அந்த நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கதை என்று நினைப்பவர்கள் கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய் கண்டிகைக்குப் போய்வரலாம். தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரின் மேய்க்காலும் காடுமாக ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போனது.

வீடற்றோருக்கு அரசு எதுவுமே செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2010இல் போட்ட உத்தரவுகளை ஒட்டி, நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் என்று திட்டம் வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ‘நகர்ப்புற’ என்ற சொல் இருக்கிறது. கவரைப்பேட்டை ஊராட்சிப் பகுதி. கும்மிடிப்பூண்டி பேரூராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி அரை லட்சம்கூட இல்லை. லட்சத்துக்கு ஒன்று என்ற விதிப்படி பார்த்தால் அரைத் தங்குமிடம்கூடத் தேறாது. ஆலைகள் வரும்போது இது தொழில் நகரம், ஆள் தூங்க இடம் கேட்டால் கிராமம்.

2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு ஒன்றைச் சரியாகச் செய்தது. வீடற்றோர், பிச்சையெடுத்து வாழ்வோர், கையால் மலம் அள்ளும் குடும்பங்கள், மிகவும் நலிந்த பழங்குடிகள், சட்டப்படி விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகிய ஐந்து பிரிவினரும் கேள்வியில்லாமல் நலத்திட்டப் பட்டியலில் சேர்வார்கள் என்றது. தமிழ்நாட்டில் இருளர் அந்த நலிந்த பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் இருளர் என்று நிரூபிக்கக் கோட்டாட்சியரின் சாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். அந்தக் கணக்கெடுப்பின் சாதி விவரங்களோ இன்றுவரை வெளியாகவில்லை.

“அப்படியானால் எல்லோரையும் பதிவுசெய்து எல்லா அலுவலகத்துக்கும் கொடுத்துவிடலாமே, ஒரே தளம், ஒரே எண்” என்று சிலர் உற்சாகமாகக் கிளம்புவார்கள். அவர்கள் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமைப் பார்க்க வேண்டும். 1990 முதல் அங்கே மக்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இவர்களைப்போலத் திரும்பத் திரும்பத் தலை எண்ணப்பட்டவர்கள் அரிது. வருவாய்த் துறை எண்ணுகிறது, க்யூ பிரிவு எண்ணுகிறது. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. அங்கேயே பிறந்து பிள்ளை பெற்றவர்களுக்கும் குடியுரிமை இல்லை. ஆக, எண்ணப்படாமல் சாவது ஒரு விதம், எண்ணப்பட்டுக்கொண்டே கிடப்பது இன்னொரு விதம்.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஐந்து பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு சென்னைப் போலீஸ் வாடகைக்கு இருப்போரின் விவரங்களைக் கேட்டது நினைவிருக்கும். வடமாநிலத்தவர்மீதுதான் எல்லோர் கண்ணும் விழுந்தது. கொடுத்த விவரத்தால் யாருக்கும் ரேஷன் அட்டை வரவில்லை. 1945ஆம் ஆண்டுப் பிச்சைத் தடுப்புச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. தெருவில் படுத்திருப்பவரின் பெயர் போலீஸ் கைக்குப் போனால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டமும் ஒரு பதிவேட்டில்தான் தொடங்கியது.

அமெரிக்காவில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஓர் இரவு வீடற்றோரை எண்ணுகிறார்கள். தங்குமிடம் நடத்துகிறவர்கள் விவரங்களைப் பொதுவான ஒரு பதிவேட்டில் சேர்க்கிறார்கள். மக்கள்தொகையில் சுமார் எட்டில் ஒருவரான கருப்பின மக்கள், வீடற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் என்று அந்தக் கணக்கு இனவாரியாக வெளியே சொல்கிறது. இங்கே அந்தத் துணிச்சலாவது வேண்டும். ஆனால் அங்கும் எண்ணிக்கை 2024இல் 7.7 லட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டு, தெருவில் படுப்பவருக்கு அபராதம் போடலாம் என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

“தரவே வேண்டாம், எல்லாம் கண்காணிப்பு” என்று நம் தோழர்கள் சிலர் சொல்வதையும் ஏற்க முடியாது. சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டுமென்று தெருவில் நின்றவர்கள் நாம். கணக்கு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதில்தான் சண்டை. செவிலியர், ஆசிரியர், அங்கன்வாடி, ஊராட்சி, தொழிலாளர் துறை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை, தொண்டு நிறுவனங்கள் ஆகிய கடமைப்பட்டவர்களிடையே விவரம் பகிரப்பட வேண்டும். சம்பந்தப்பட்டவர் சம்மதித்து, அவர் மொழியில் படித்துக் காட்டி, ஒரு நகல் அவர் கையிலும் கொடுத்து. காவல் துறைக்கும் சூளை முதலாளிக்கும் அது போகக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி இதை விட முடியாது. அரசு தன் அமைப்புகளுக்கே விலக்கு கொடுத்துக்கொள்ள அதில் வழி இருக்கிறது. எத்தனை பேர் என்ற தொகையைச் சாதிவாரியாக, ஊர்வாரியாகக் கிராமசபையில் வாசிக்கலாம். பெயரை வாசிக்கக் கூடாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அடிப்படை நாள் 2027 மார்ச் 1, சாதியும் கேட்கப்போகிறார்கள். சென்ற முறைபோலவே நடந்தால் வீடற்றோரை எண்ணுவது பிப்ரவரி 28 இரவாக இருக்கும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தோழர்கள் அதற்குள் சூளை சூளையாகப் போய்ச் சம்மதம் கேட்டு, அந்தக் கூடுகளில் இருப்பவர்களை வீடற்றோராகப் பதியச் சொல்லிக் கோரிக்கை மனு தயாரிக்க வேண்டும். ஒடியாவும் இந்தியும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பது அவசியம். மனு வட்டாட்சியரிடம் போகட்டும், நகல் கணக்கெடுப்பு இயக்குநரகத்துக்கும் போகட்டும்.