ஆராய்வோரும் ஆராயப்படுவோரும்

கலாசாலை மாணாக்கர் கிராமங்களுக்குச் சென்று, குடும்பத்தின் வருமானம், கடன், கல்வி முதலியவற்றை வினாத்தாளிற் குறித்து வருதல் இக்காலத்தில் பெருவழக்காக உள்ளது. அவர்கள் எழுதும் அறிக்கைகளிலே ஊர் உண்டு, ஊரார் உண்டு. வினவச் சென்றவர் மட்டும் இலர். ஆவிபோல நுழைந்து ஆவிபோல மீண்டனர் போலும்!

ஆராய்வோன் புகுந்த இடம் அவன் புகுமுன் இருந்தபடியே இராது என்பதைச் சமூக சாஸ்திரிகள் நெடுநாளாக அறிவர். சிக்காகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் நடந்த சோதனைகளைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆயின் பிற்காலத்தார் அக்கணக்குகளைத் துருவிப் பார்த்து, விளைவு அத்துணைத் தெளிவானதன்று என்று கூறியிருத்தலின், அதனை விட்டு வேறொன்றைக் காண்போம்.

வில்லியம் பூட் வைட் என்பார் 1937 முதல் 1940 வரை, பாஸ்டன் நகரின் வடமுனையில் இத்தாலியர் வாழும் நெருக்கமான பகுதியை ஆராய்ந்தார். அங்கேயே குடியிருந்து, அவர்தம் பாஷையைக் கற்று, தெருமுனையிற் கூடும் இளைஞரோடு பழகினார். அவர் நூல் 1943-இல் வெளிவந்தது. அவருக்கு வழிகாட்டியாயிருந்த இளைஞர் தலைவனுக்கு நூலில் டாக் என்று பெயர். அவன் ஒருகால் அவரிடம் குறை கூறினான்: முன்னெல்லாம் தான் மனம்போனபடி காரியம் செய்ததாகவும், அவர் வந்தபின், ஒன்றைச் செய்யுமுன் அவர் என்ன கேட்பார், தான் எவ்வாறு விளக்குவது என்று எண்ண வேண்டியிருப்பதாகவும், அதனால் தன் வேகம் தணிந்துவிட்டதாகவும் சொன்னான். நண்பர் கேட்ட கேள்விகள் அவனைத் தன்னையே ஆராய்பவனாக்கிவிட்டன. வைட் அத்துடன் நின்றாரில்லை. பொதுக் குளிப்பறைகளில் வெந்நீர் வேண்டுமென்று ஊராரைத் திரட்டி நகரத் தலைவரிடம் ஊர்வலம் செல்லத் தூண்டினார். தேர்தலொன்றிற் சட்டத்தை மீறிப் பன்முறை வாக்களித்தார். இவற்றையெல்லாம் 1955-ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில் அவரே எழுதியுள்ளார்.

தேர்தற் செயலொழிய, அவர் அவ்வூரிற் கலந்ததைக் குற்றமென்று நாம் சொல்லோம். கலவாதிருத்தல் எவர்க்கும் இயலாது, மறைத்தலன்றோ குற்றம்? எத்தட்டுத் தாழும் என்று முன்னரே சொல்லிவிட்ட வாணிகனின் தராசிலும் சரியெடை அறியலாம்.

நம் நாட்டில் இது வேறோர் உருவம் கொள்கின்றது. வினாத்தாளோடு வருபவனைச் சர்க்கார் ஆள் என்றே பலரும் எண்ணுகின்றனர். வருமானத்தைக் குறைத்துச் சொன்னால் உதவி வரும் என்பது ஒருவர் கணக்கு; கடனைச் சொன்னால் மானம் போம் என்பது மற்றொருவர் அச்சம். "மனைப் பட்டா எப்போது தம்பி கிடைக்கும்?" என்று கேட்கும் கிழவிக்கு விடை கூறாது புன்னகையோடு மீண்டால், அவள் அதனையே வாக்குறுதியாகக் கொண்டு தாலுகா ஆபீஸுக்கு நடப்பாள். அந்நடை எந்த அட்டவணையிலும் ஏறாது.

ஆதலின் நம் மாணாக்கரை ஒன்று வேண்டுகின்றோம். யார் வாயிலாக ஊருக்குட் சென்றோம், நம்மை யாரென்று சொல்லிக்கொண்டோம், எவர் திண்ணையில் அமர்ந்து கேட்டோம், ஊரார் நம்மை என்ன கேட்டனர், என்ன விடை பகர்ந்தோம் என்பவற்றை அறிக்கையில் ஒரு பக்கமேனும் எழுதுக. நிலக்கிழார் வீட்டுத் திண்ணையிற் கேட்டறிந்த கூலியும், கூலியாளின் குடிசை வாயிலிற் கேட்டறிந்த கூலியும் ஒன்றாயிருக்குமென்று நம்புவார் உளரோ? அப்பக்கத்திற்கும் மதிப்பெண் உண்டென்று பேராசிரியர்கள் முன்னரே அறிவிப்பாராயின், அது தவறாது எழுதப்படும் என்பதில் நமக்கு ஐயமில்லை.