மின்சாரத்திலும் கடைமடையா?

செங்கல்பட்டு ஜில்லாவில் ஏரிப் பாசன நிலங்கள் வீட்டு மனைகளாக மாறி வருகின்றன. கேளம்பாக்கம், திருப்போரூர், மாமல்லபுரம் வழி நெடுக அடுக்கு மாளிகை விளம்பரங்கள்தாம். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. செங்கல்பட்டும் மாமல்லபுரமும் துணை நகரங்களாக வளர்க்கப்படும் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது.

ஜனங்களுக்கு வீடு வேண்டும். அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு ஆட்சியாளர்கள் பதில் சொல்லியாக வேண்டும். இத்தனை வீடுகளுக்கும் மின்சாரம் எந்தக் கம்பி வழியே வரும்? அந்தக் கம்பியில் முதலிடம் யாருக்கு?

"பக்கத்திலேயே கல்பாக்கம் இருக்கும்போது மின்சாரத்திற்கு என்ன பஞ்சம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1984ல் ஒன்று, 1986ல் ஒன்று என்று தலா 220 மெகாவாட் அணு உலைகள் இரண்டு அங்கே ஓடத் தொடங்கின. உண்மைதான். ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் ஏறிப் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. 2013 டிசம்பர் 31 முதல் தென்னிந்தியத் தொகுப்பு தேசத் தொகுப்போடும் இணைந்துவிட்டது.

ஏரி நிறைந்து தளும்பினாலும் மதகும் வாய்க்காலும் இல்லாவிட்டால் வயலில் நீர் பாயுமா? விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்திற்கு சப்ஸ்டேஷன்தான் மதகு, டிரான்ஸ்பார்மர்தான் மடை. மதகின் அளவுக்கு மேல் நீர் வராது. தலைமடைக்காரன் இஷ்டம்போல் பாய்ச்சிக் கொண்டால் கடைமடைக்காரன் வயல் காயும்.

கணக்கைப் பாருங்கள். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று சுமார் 90 கிலோவாட் தாங்கும். விளக்கு, மின்விசிறி, டி.வி., மிக்ஸி என்று ஒரு தொழிலாளி வீடு உச்ச நேரத்தில் 1 கிலோவாட் இழுப்பதாக வைத்துக் கொண்டால், 90 வீடுகளுக்கு அது போதும். இரண்டு ஏ.சி. ஓடும் மாளிகை வீடு 3 கிலோவாட் இழுக்கிறது என்றால் 30 வீடுகளிலேயே தீர்ந்துவிடும். டிரான்ஸ்பார்மரை மாற்றாமல், புது லைன் இழுக்காமல் அடுக்கு மாளிகைகளை மட்டும் கட்டிக்கொண்டே போனால் என்ன நடக்கும்? பக்கத்துத் தெருவில் வோல்டேஜ் இறங்கும், விசிறி நகராது, தண்ணீர் மோட்டார் கருகும். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் கண்ணயர வரும் மில் தொழிலாளிக்கு மே மாத வெயிலில் இது என்ன கொடுமை என்பது அவருக்குத்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? விண்ணப்பித்த ஒரு மாதத்தில் இணைப்புத் தர வேண்டும் என்கிறது 2003ம் ஆண்டு மின்சாரச் சட்டம். ஆனால் புதிய லைனோ சப்ஸ்டேஷனோ தேவைப்பட்டால் அந்த ஒரு மாதக் கெடு பொருந்தாது. மதகு கட்டாத இடத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அந்த வரிசையில் முன்னால் நிற்பது யார்? சிறுசேரிக்குப் போய்ப் பாருங்கள். அதானி கானெக்ஸ் கம்பெனியின் டேட்டா சென்டர் 2022ல் அங்கே திறக்கப்பட்டது. இரவு பகலாகக் கம்ப்யூட்டர்கள் ஓடும் கட்டடம் அது. முழு அளவில் அதன் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 33 மெகாவாட். குளிரூட்டும் செலவு தனி. நம் கணக்கில் இது 33,000 தொழிலாளிக் குடும்பங்களின் உச்ச நேரத் தேவை.

இன்னொரு கணக்கு. மாமல்லபுரம் கடற்கரையில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இரண்டு உள்ளன. 2013ல் திறந்தது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024ல் திறந்தது 15 கோடி லிட்டர் தரக் கூடியவை. ஆயிரம் லிட்டருக்கு 3 யூனிட் என்று வைத்தால், இரண்டும் முழுதாக ஓட நாளொன்றுக்கு ஏழரை லட்சம் யூனிட் வேண்டும். ஒரு கம்பெனியின் 33 மெகாவாட் கட்டடமும் முழுதாக ஓடினால் ஏறக்குறைய அவ்வளவு யூனிட்டை விழுங்கும். மாநகர மக்களின் தாகம் ஒரு பக்கம், ஒரு முதலாளியின் கட்டடம் மறுபக்கம்!

இது நம் ஊர் விவகாரம் மட்டுமல்ல. முதலாளித்துவத்தின் தாயகமான லண்டனிலேயே 2022ல் இது அம்பலமாயிற்று. நகரின் மேற்கே ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ ஆகிய மூன்று பகுதிகளில் டேட்டா சென்டர்கள் மின்தொகுப்பின் இடத்தைப் பிடித்துக் கொண்டன. பெரிய வீட்டுத் திட்டங்கள் சில, இணைப்புக்கு 2035 வரைகூடக் காத்திருக்க நேரும் என்று மாநகர நிர்வாகமே எச்சரித்தது. அயர்லாந்தில் 2023ல் டேட்டா சென்டர்கள் இழுத்தது மொத்த மின்சாரத்தில் 21 சதவிகிதம். நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து 18 சதவிகிதம். இது அந்நாட்டு சர்க்காரின் கணக்கு.

"கம்பெனிகள் கூடுதல் கட்டணம் செலுத்துகின்றனவே, வேலை வாய்ப்பும் வருகிறதே" என்பார்கள். கட்டணம் எரித்த யூனிட்டுக்கு விலை. வரிசையில் முந்துவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. கம்ப்யூட்டர் நிறைந்த கட்டடத்தில் ஆளுக்கு வேலை சொற்பம். தொழில் வரட்டும். ஆனால் தனக்கு வேண்டிய மதகைத் தன் செலவில் கட்டிக் கொண்டு வரட்டும்.

கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்து வரப்பட்ட உழைப்பாளிகளை பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களில் குடியேற்றினார்கள். அங்கே மின்சாரம் நின்றால் லிப்ட் நிற்கும், தண்ணீர் ஏறாது. கிழவியும் கர்ப்பிணியும் குடத்தோடு படியேற வேண்டும். ஏழைக்கு மின்சாரம் சொகுசுப் பொருள் என்று இனியும் யாராவது சொல்ல முடியுமா?

1957ல் பொதுச் சொத்தாக உருவான மின்வாரியம்தான் பட்டிதொட்டியெல்லாம் கம்பம் நட்டது. அதை 2010ல் கூறு போட்டார்கள். 2024ல் மறுபடியும் கூறு போட்டார்கள். பொதுப் பணத்தில் இழுத்த கம்பியில் தனியார் கம்பெனிகள் வியாபாரம் நடத்த வழிகோலும் மசோதாவை 2022 ஆகஸ்டில் லோக்சபாவில் வைத்தார்கள். கம்பி லாப வேட்டைக்காரர் கைக்குப் போனால் கடைமடை நிரந்தரமாகக் காயும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. பெரிய மனைப்பிரிவுக்கும் அடுக்கு மாளிகைக்கும் அனுமதி தருமுன் சப்ஸ்டேஷனுக்கு நிலமும் செலவும் கட்டுமான முதலாளியிடம் வசூலிக்க வேண்டும். குடியிருப்பு வாரிய வீடுகள், காலனிகள், குடிசைகள் ஆகியவற்றுக்கே இணைப்பில் முதலிடம் தர வேண்டும். ஒவ்வொரு சப்ஸ்டேஷனிலும் எவ்வளவு சுமை, எவ்வளவு மிச்சம், யாருக்கு ஒதுக்கீடு என்பதை எல்லோரும் பார்க்கும்படி எழுதிப் போட வேண்டும். மின்வாரியத்தில் காலியிடங்களை நிரப்பி, கம்பத்தில் ஏறி உயிரைப் பணயம் வைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளை நிரந்தரமாக்க வேண்டும்.

தோழர்களே! மே முதல் நாள் நமது நாள். கிராம சபை கூடும் நாளும் அதுவே. செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை ஒவ்வொரு கிராம சபையிலும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக்குவோம். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தோளோடு தோள் சேர்ந்து மின்வாரிய அலுவலக வாசலுக்கு அத்தீர்மானங்களைக் கொண்டு செல்வோம். தலைமடைக்காரனைத் தட்டிக் கேட்காமல் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததாகச் சரித்திரம் இல்லை.