மாணவர் கட்டணம் மைதானத்துக்கே சேர வேண்டும்

கல்லூரி மாணவர் செலுத்தும் ஆண்டுக் கட்டணத்தில் விளையாட்டுக் கட்டணம் என்ற ஓர் இனம் உண்டு. அதில் ஒரு பகுதி கல்லூரியில் தங்க, மறுபகுதி அக்கல்லூரியை இணைத்துக்கொண்டுள்ள பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறது. பந்து, வலை, சீருடை ஆகியவற்றுக்கும், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளுக்கும், அவற்றில் தேர்வாகும் பல்கலைக்கழக அணி தென்மண்டலப் போட்டிக்குச் சென்றுவரும் பயணப்படிக்கும் தினப்படிக்கும் பெரும்பாலும் இச்சிறு தொகைகளின் கூட்டே ஆதாரம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 1990-இல் உருவான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்கள் அடங்குகின்றன. 1878-இல் தோன்றிய தூய யோவான் கல்லூரியும் 1923-இல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரியும் நிற்கும் பாளையங்கோட்டையிலிருந்து அரபிக் கடலோரத் தூத்தூர் வரை பரந்த இப்பகுதியின் கல்லூரிக் கால்பந்து, வரும் ஆண்டுகளில் எந்தப் பணத்தில் நடக்கும் என்ற கேள்வியைப் பல்கலைக்கழகமும் அரசும் இனியும் தள்ளிப்போட முடியாது.

கல்லூரி விளையாட்டில் பணம் பெருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கருதுவோர் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே கால்பந்து என வழங்குவது பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். தொலைக்காட்சி உரிமை மூலம் அது பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்தபோதும், ஆடிய மாணவருக்குப் பல பத்தாண்டுகளாகக் கல்வி உதவித்தொகைக்கு மேல் ஏதும் கிடைக்கவில்லை. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் நிலுவையாக வழங்கப்பட வேண்டும். முதல் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு 2.05 கோடி டாலர் வரை, அதாவது சுமார் 175 கோடி ரூபாய், நேரடியாகப் பகிரலாம். மாணவர் உழைப்பில் வந்த பணம் யாருக்கு உரியது என்பது அங்குள்ள வழக்கு. தாமிரபரணிக் கரையில் வழக்கு அதற்கு முந்தையது: மாணவரே செலுத்திய பணம் எங்கே செல்கிறது என்பதை அவருக்குச் சொல்லும் வழக்கம்கூட இங்கு ஏற்படவில்லை.

ஒற்றைப் புரவலரை நம்பிய ஆட்டம் என்னவாகும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 2010-இல் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரே தரப்புக்கு ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில், புதுப்பிப்பது குறித்துத் தெளிவு இல்லாததால், 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. நாட்டின் உச்ச அணிகளே ஊதியத்துக்குத் தடுமாறின என்றால், கல்லூரி அணியின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இதே பாடம் திருநெல்வேலியை அடுத்த சங்கர்நகரிலும் எழுதப்பட்டிருக்கிறது. கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த சங்கரலிங்க ஐயரின் முயற்சியில் 1946-இல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ், தாழையூத்தில் தன் முதல் ஆலையை நிறுவிய நிறுவனம். கிரிக்கெட் வீரர்கள் பலருக்கு வேலை கொடுத்து ஆதரித்ததும், 2008-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை 9.1 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்ததும் இந்நிறுவனமே. சங்கர்நகரில் உள்ள அதன் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களும் நடந்துள்ளன. இவ்வட்டாரத்து மண்ணில் விளைந்த பணம் விளையாட்டை வளர்க்க வல்லது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால், 2024 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாடு அல்ட்ராடெக் நிறுவனத்துக்குக் கைமாறியது. உரிமையாளரின் விருப்பத்தால் வரும் ஆதரவுக்கு உரிமையாளர் இருக்கும் வரையே ஆயுள். அந்த ஆதரவும் கிரிக்கெட்டுக்கே சென்றது. கால்பந்துக்கு அத்தகைய புரவலர் இவ்வட்டாரத்தில் வாய்க்கவில்லை.

ஆட்டக்காரர்களுக்கோ இங்கே பஞ்சமில்லை. தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற குமரிக் கடலோர ஊர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் மணலிலேயே பந்து பழகுகின்றனர். இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். இத்தகைய இளைஞருக்குக் கல்லூரி அணி என்பது பொழுதுபோக்கு அன்று. பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டையும் ரயில்வே, வங்கி, காவல் துறை அணிகளின் வேலைவாய்ப்பையும் நாடுவோருக்குத் துணை நிற்கும் தகுதி. ஆனால் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவைச் சிகிச்சைச் செலவு குடும்பத்தின் தலையில் விழுகிறது. அக்குடும்பம் கடன் வாங்கினால் மருத்துவம், வாங்காவிட்டால் ஆட்டத்துக்கு முழுக்கு. கல்லூரிக்காக ஆடி அடிபட்ட மாணவரின் கால், அந்தக் கல்லூரியின் பொறுப்பு அன்று என்று சொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

ஆகவே, விளையாட்டுக் கட்டணம் தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட்டு, வரவும் செலவும் ஆண்டுதோறும் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் வெளியிடப்பட வேண்டும். அதிலிருந்து வேறு செலவுக்கு ஒரு ரூபாயும் எடுக்கலாகாது. நிதி நெருக்கடியில் உள்ள பல்கலைக்கழகங்கள் இந்தக் கட்டுப்பாட்டைச் சுமையாகக் கருதக்கூடும். காமராசர் பல்கலைக்கழகம் ஊதியம் கொடுக்கவே திணறியதைக் கண்ட தென்மாவட்டங்களில் அந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் மாணவரிடம் விளையாட்டின் பெயரால் வாங்கிய பணம் அந்த நெருக்கடியைத் தீர்க்கும் வழி ஆகாது.

கட்டணம் மட்டும் போதாது என்பதும் உண்மை. நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சியும் அப்பணிகளுள் அடங்கும். கூடங்குளம் அணுமின் நிலையமும் கங்கைகொண்டான் சிப்காட் வளாகத் தொழிற்சாலைகளும் இருக்கும் திருநெல்வேலி மாவட்டத்தில் இந்த வாய்ப்பு வெறும் ஏட்டளவில் இருக்க வேண்டியதில்லை. மாநில அளவில் 2023-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை அரசுப் பணத்தையும் நிறுவனங்களின் பங்களிப்பையும் ஒன்றுசேர்க்கிறது. அதே முறையில் நான்கு மாவட்டக் கல்லூரிகளுக்கும் பொதுவான கால்பந்து நிதியம் ஒன்றைப் பல்கலைக்கழகம் அமைக்கலாம். பல நிறுவனங்கள் சிறிது சிறிதாகத் தரும் நிதியம், ஒன்று விலகினாலும் நிற்கும். அதன் முதல் செலவு ஆட்டக்காரர் அனைவருக்கும், மகளிர் அணிகள் உட்பட, காயத்துக்கான காப்பீடாக இருக்கட்டும். உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலியாக உள்ள கல்லூரிகளில் அதை நிரப்பும் கடமை அரசைச் சேர்ந்தது.

அடுத்த கல்வியாண்டின் கட்டணம் வசூலிக்கப்படுவதற்கு முன்பே, சென்ற ஆண்டின் விளையாட்டுக் கட்டணக் கணக்கைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு மாணவர் முன் வைக்க வேண்டும்.