பயிற்சி மானியம் எங்கே போச்சு? வல்லத்துக்காரர் கேட்கலாம், அரசு சொல்லியே ஆகணும்!



நம்ம செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. நமக்கெல்லாம் பெருமைதான். அந்தக் கோட்டையைப் பற்றி உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறவரும் செல்போனைத் தட்டித் தெரிஞ்சுக்கலாம்.

அதே கோட்டைக்குப் பக்கத்தில், வல்லம் ஒன்றியத்தில் இருக்கிற ஒரு மாற்றுத்திறனாளி இளைஞருக்கு ஒரு கேள்வி இருக்கு. "எங்களுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுக்கன்னு அரசு மானியம் தருதே, அதை வாங்கின நிறுவனம் எது? எங்க ஒன்றியத்திலிருந்து எத்தனை பேர் படிச்சாங்க? எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது?"

இதற்கான பதில் உங்க ஊர் கிராம சபையில் என்னைக்காவது வாசிக்கப்பட்டிருக்கா? ஒன்றிய அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டிருக்காங்களா? நீங்களே சொல்லுங்க.

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுப்பது யாருடைய கருணையும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 19 அதை அரசின் கடமையா வச்சிருக்கு. பயிற்சியிலும் சுயதொழிலிலும் என்ன முன்னேற்றம்னு பகுத்துக் கணக்கு வைக்கணும்னும் அதே பிரிவு சொல்லுது.

"அவ்வளவு விவரம் எங்ககிட்ட இல்லீங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அரசு மானியம் வாங்கும் நிறுவனம், பணத்தை எதுக்குச் செலவு பண்ணோம்னு பயன்பாட்டுச் சான்று கொடுக்கணும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 இதைக் கட்டாயமாக்கியிருக்கு. திறன் பயிற்சித் திட்டங்களுக்கு 2015இல் வந்த பொது விதிமுறைகள்படி, பயிற்சிப் பணம் தவணை தவணையாத்தான் போகும். எத்தனை பேர் பயிற்சி முடிச்சாங்க, எத்தனை பேர் வேலைக்குப் போனாங்கன்னு பார்த்துத்தான் அடுத்த தவணை. ஆக, தலையை எண்ணாமல் பணம் போகாது. எண்ணின கணக்கு ஏதோ ஒரு பீரோவில் இருக்கு. அது மக்கள் கைக்கு வரணும். நம்ம கோரிக்கை அதுதான்.

ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பில் மாநில அளவிலான தொகை இருக்கும். அதைப் படிச்சு வல்லத்துக்கு என்ன வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியாது. எத்தனை கோடின்னு பேப்பரில் படிக்கிறோம், நம்ம தெருவில் தையல் பயிற்சியோ கணினிப் பயிற்சியோ யாருக்குக் கிடைச்சதுன்னு தெரியலை. பயிற்சி வருதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சவர் விண்ணப்பிப்பார். தெரியாதவர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். விழுப்புரத்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போய் விசாரிக்க எல்லோராலும் முடியுமா? சக்கர நாற்காலியில் இருப்பவரால் முடியுமா? தகவல் கிடைக்காதவருக்கு அந்தத் திட்டமே இல்லாத மாதிரிதான்.

தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(பி)-யை எடுத்துப் பாருங்க. மானியத் திட்டங்களை நிறைவேற்றும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகள் விவரம் எல்லாத்தையும் யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகம் வெளியிடணும். உள்ளூர் மொழியையும் கணக்கில் எடுத்துக்கணும். 1997இலேயே தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. 1990களில் ராஜஸ்தான் கிராம மக்கள் வேலைக் கணக்கை ஊர் நடுவே வாசிக்கச் சொல்லிப் போராடினதுதான் நாடு முழுக்க இந்தச் சட்டத்துக்கு விதை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா பேசணும். மாற்றுத்திறனாளி ஒருத்தரின் பெயரையும் குறைபாட்டையும் சுவரில் எழுதி ஒட்டணும்னு நாம கேட்கலை. அது அவருடைய சொந்த விஷயம், அதை மதிக்கணும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, தனிநபர் தகவல்னு சொல்லி மறுப்பதைச் சுலபமாக்கிடுச்சு. ஆனா மானியம் வாங்கின நிறுவனத்தின் பெயர் தனிநபர் தகவலா? எத்தனை பேர் படிச்சாங்க என்கிற எண்ணிக்கை தனிநபர் தகவலா? பயிற்சி பெற்றவரின் மானத்தைக் கேடயமா பிடிச்சுக்கிட்டு, பணம் வாங்கினவங்க கணக்கை மறைக்க விடக்கூடாது.

சரி, நாம என்ன செய்யலாம்? விழுப்புரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்க. "ஏன்"னு கேட்காதீங்க, ஆவணத்தைக் கேளுங்க.

1. கடந்த 3 நிதியாண்டுகளில் மாற்றுத்திறனாளிகள் தொழிற்பயிற்சிக்கு மாவட்டத்துக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை.
2. மானியம் பெற்ற நிறுவனங்களின் பெயர், நடத்திய பயிற்சி, பெற்ற தொகை.
3. சேர்ந்தவர், முடித்தவர், வேலை பெற்றவர் எண்ணிக்கை, ஒன்றியவாரியாக.
4. பயன்பாட்டுச் சான்று, ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்.
5. பயிற்சி பற்றிய அறிவிப்பு வெளியான தேதியும் அதன் நகலும்.

10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு அதுவும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னா, அதை எழுத்தாக்க அலுவலர் உதவி செய்யணும். பார்வையோ செவித்திறனோ இல்லாதவர் தகவலைப் பெறவும் அவர் உதவணும், இது பிரிவு 7(4). அந்தத் தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே அனுப்பி வைக்கணும். 30 நாளில் பதில் வரணும். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. தபால் ரசீதைப் பத்திரமா வச்சுக்கோங்க.

அரசுக்கு நம்ம கோரிக்கை மூணு. ஒண்ணு, பயிற்சி மானியக் கணக்கை ஒன்றியவாரியாத் தமிழில், திரைவாசிப்பான் படிக்கிற வடிவத்தில் இணையத்தில் போடணும். ரெண்டு, அதைக் கிராம சபையில் வாசிக்கணும். ஆண்டுக்கு 6 கிராம சபை நடக்குது, அதில் ஒன்றில் பத்து நிமிஷம் போதும். மூணு, பயிற்சி அறிவிப்பை விண்ணப்பக் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டணும்.

உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த நாற்காலியில் உட்காருபவர் கையில் இந்தக் கணக்கு இல்லைன்னா, அவர் எதை வச்சுப் பேசுவார்?

உங்க ஊராட்சியில் மாற்றுத்திறனாளி இருக்கிற வீட்டுக்கு இந்த வாரமே போங்க. இந்த அஞ்சு கேள்வியைப் படிச்சுக் காட்டுங்க. அவர் விரும்பினா கூட உட்கார்ந்து மனு எழுதிக் கொடுங்க. அடுத்த கிராம சபையில் அவர் கேட்கும்போது பக்கத்தில் நில்லுங்க.

கேட்போம். கணக்கு வரும் வரை கேட்போம்!

#எங்கள்_நிதி_எங்கள்_கணக்கு
#வல்லம் #செஞ்சி #மாற்றுத்திறனாளிகள்_உரிமை