பேரு ‘சிட்டிசன்’ கார்டு, உள்ளே இருக்கிறது விசா!

ஜெர்மனி சட்டத்தை மாத்திடுச்சு. 2024 ஜூன் 27 முதல் அங்கே குடியுரிமை வாங்குறவங்க சொந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டியதில்லை. மியூனிக்ல வேலை பார்க்கிற துருக்கிக்காரர் இப்போ ரெண்டையும் வச்சுக்கலாம். பக்கத்து சீட்ல இருக்கிற நம்ம கோயம்புத்தூர் பையன்?

முடியாது. தடுக்கிறது ஜெர்மனி இல்ல, நம்ம ஒன்றியத்தின் சட்டம். 1955 குடியுரிமைச் சட்டம், பிரிவு 9: விருப்பப்பட்டு வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினா, அதோட இந்தியக் குடியுரிமை போச்சு. பாஸ்போர்ட்டைத் திருப்பி ஒப்படைக்கணும்.

“அதான் ஓசிஐ கார்டு இருக்கே” என்று உடனே கமெண்ட்டில் வருவாங்க வாட்ஸ்அப் தேசபக்தர்கள். வாங்க, பேசுவோம்.

அந்தக் கார்டை வச்சு ஓட்டுப் போட முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. அரசு வேலைக்குப் போக முடியாது. 2021 மார்ச் 4 அறிவிப்பு இன்னும் மோசம். அந்தத் தேதிக்கு அப்புறம் ஓசிஐ கார்டு வாங்கின பிள்ளை நீட் எழுதலாம், ஆனா என்ஆர்ஐ சீட்டுக்கு மட்டும்தான். பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, மதப் பிரச்சாரம், ஏன், மலை ஏறுறதுக்குக்கூட தனி அனுமதி வாங்கணும்! 2025 ஆகஸ்ட்ல இன்னொரு அறிவிப்பு: 7 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை தரக்கூடிய வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலே கார்டை ரத்து பண்ணலாம். தீர்ப்புகூட வேண்டாம். அரசை விமர்சிச்சு எழுதுற ஒருத்தர் இதைப் படிச்சா என்ன நினைப்பார்?

இரட்டைக் குடியுரிமை தர்றோம்னு 2003 ஜனவரியில் டெல்லியில் முதல் பிரவாசி பாரதிய திவஸ் மேடையில் சொன்னவர் வாஜ்பாய். கடைசியில் கையில் கிடைச்சது இந்தக் கார்டு. (அடுத்து வந்த காங்கிரஸ் ஆட்சியும் சரி பண்ணல. அதையும் சொல்லித்தான் ஆகணும்.) ஹூஸ்டன்ல ஸ்டேடியம் நிறையக் கூட்டம் கூட்டத் தெரிஞ்சவங்களுக்கு அந்த வாக்குறுதி மட்டும் ஞாபகம் வரல.

“ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா? விசுவாசம் எங்கே?” இதுவும் வரும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் அனுமதிக்குது. பக்கத்துல இலங்கையே விண்ணப்பம் போட்டா தருது. அங்கெல்லாம் நாடு கவுந்துடுச்சா? வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஆட்கள் 2024-ல் அனுப்பின பணம் சுமார் 129 பில்லியன் டாலர், உலகத்திலேயே முதலிடம். அந்தப் பணத்தை எண்ணும்போது யாரும் விசுவாசத்தைக் கேட்கல.

2022-ல் 2,25,620 பேர், 2023-ல் 2,16,219 பேர் இந்தியக் குடியுரிமையை விட்டிருக்காங்க. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்ன கணக்கு. இதில் எத்தனை பேர் ஆசைப்பட்டு விட்டாங்க? பிள்ளை படிப்பு, வேலைப் பாதுகாப்புன்னு அந்த ஊர்ப் பாஸ்போர்ட் தேவைப்பட்டுச்சு, அதுக்கு இதைக் கழட்டிக் கொடுத்தாங்க. அப்பா, அம்மா இன்னும் பீளமேட்டுலதான் இருக்காங்க.

கேட்கிறது இதுதான்: பிரிவு 9-ஐத் திருத்துங்க. அதுவரைக்கும் அந்தக் கார்டு மேல ‘சிட்டிசன்’னு அச்சடிக்காதீங்க.

#பிரிவு9ஐத்திருத்து #இரட்டைக்குடியுரிமை