வாடகைக் கார் வாங்குவோர் போட வேண்டிய கணக்கு

சொந்தமாக ஒரு டி போர்டு கார் வாங்கி ஓட்ட நினைப்பவர் முதலில் கேட்பது, 'மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?' என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியே அது. ஆனால், விளம்பரத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பி ஐந்தாண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போடுவது ஆபத்து. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் ஓட்டி, ஏ.சி.யை அணைத்து வைத்து எடுத்த எண் அது. மே மாத மதியத்தில் ஏ.சி.யோடு சென்னை கத்திப்பாரா சந்திப்பில் ஊர்ந்து செல்லும் காருக்கு அது பொருந்தாது.

முன்பெல்லாம் டாக்சி என்றாலே டீசல்தான். 2014 அக்டோபரில் டீசலின் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு அதன் விலைச் சலுகை சுருங்கியது. 2020-இல் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களைக் கைவிட்டது. ஓட்டுநர்கள் நம்பியிருந்த டொயோட்டா எட்டியோஸ் காரும் அந்த ஆண்டோடு நின்றுபோனது. வெளியூர் ஓட்டத்துக்கு இன்னோவா போன்ற டீசல் வண்டிகள் இன்றும் கைகொடுக்கின்றன. நகருக்குள் ஓட்டுபவர் முன் இருப்பவை பெரும்பாலும் பெட்ரோல், சிஎன்ஜி, மின்சாரம் ஆகிய மூன்றுதான்.

டாக்சிக்கென்றே 2023-இல் வந்த மாருதி டூர் எஸ் காரை எடுத்துக்கொள்வோம். லிட்டர் பெட்ரோலுக்கு 23.15 கி.மீ., கிலோ சிஎன்ஜிக்கு 32.12 கி.மீ. என்பது நிறுவனத்தின் கணக்கு. நகர நெரிசலில் இவை 16, 24 எனக் குறைவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 100 ரூபாய், சிஎன்ஜி 90 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு முறையே 6.25 ரூபாயும் 3.75 ரூபாயும் செலவாகும். தினமும் 200 கி.மீ. ஓடினால் 500 ரூபாய் மிச்சம். சிஎன்ஜி வண்டிக்குக் கூடுதலாக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்திருந்தாலும், மாதம் 26 நாள் ஓட்டினால் எட்டு மாதத்தில் அது திரும்பிவிடும்.

இந்த லாபத்துக்கும் விலை உண்டு. சிஎன்ஜி பங்க்கில் வரிசையில் நிற்கும் நேரம் சவாரி இல்லாத நேரம். டிக்கியைச் சிலிண்டர் அடைத்துக்கொள்வதால், பெரிய பெட்டிகளோடு வரும் விமான நிலையப் பயணிகளுக்கு மேலே கேரியர் வேண்டும். சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும்.

மின்சாரக் காருக்கு ஓட்டச் செலவு இன்னும் குறைவு. 2018 முதல் பெர்மிட்டும் தேவையில்லை. ஆனால், வாடகை வீட்டில் இருந்துகொண்டு தெருவில் வண்டி நிறுத்துபவர் இரவில் எங்கே சார்ஜ் போடுவார்? பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; இவற்றில் எது முந்துகிறதோ அதுவே எல்லை. மேற்சொன்ன ஓட்டத்தில் ஆண்டுக்கு 62,400 கி.மீ. ஓடும். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் உத்தரவாதம் தீர்ந்துவிடும். கடன் தவணையோ மேலும் இரண்டு ஆண்டு மிச்சம் இருக்கும்.

எந்த எரிபொருளானாலும் ஓட்டுநரை அதிகம் வாட்டுவது காலி ஓட்டம். 200 கி.மீ.யில் 120-க்குத்தான் வாடகை கிடைத்தது என்றால், சிஎன்ஜி வண்டியிலும் கிலோமீட்டருக்கான செலவு 6.25 ரூபாய் ஆகிவிடுகிறது. சிக்கனமான வண்டி வாங்கியதன் பலன் முழுவதும் அங்கேயே கரைந்துபோகிறது. இதைத் தனி ஓட்டுநரின் சாமர்த்தியத்தால் சரிசெய்ய முடியாது. 2017 ஜூன் முதல் எரிபொருள் விலையை நாள்தோறும் மாற்ற வழி இருக்கிறது; டாக்சி செயலியில் வரும் கட்டணத்தை மாற்ற ஓட்டுநருக்கு வழியில்லை.

செயலி டாக்சிகளுக்காக மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், காலி ஓட்டத்தை ஈடுகட்டக் குறைந்தது 3 கி.மீ.க்கு அடிப்படைக் கட்டணம் வேண்டும் என்கிறது. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் 80 சதவீதமாவது சேர வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டுச் சாலைகளில் இது உண்மையாகவே நடைமுறைக்கு வர வேண்டும். எரிபொருள் விலை ஏறினால் கட்டணமும் ஏறும்படி இரண்டையும் இணைக்க வேண்டும். டாக்சியாக விற்கும் வண்டிகளுக்கு நகர நெரிசலில், ஏ.சி. போட்டு அளந்த மைலேஜையும் நிறுவனங்கள் வெளியிட வேண்டும்.

நல்ல வண்டியைத் தேர்ந்தெடுப்பது ஓட்டுநரின் பொறுப்பு. அதனால் மிச்சமாகும் பணம் அவருடைய குடும்பத்துக்குப் போய்ச் சேரும்படி கட்டண முறையை வகுப்பது அரசின் பொறுப்பு. முதலாவதை அவர் கடன் வாங்கியாவது செய்துவிடுகிறார். இரண்டாவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.